ஃபைனல் ஃபேண்டஸி 7: பல பெட்டிகளில் ஒரு கதை, எதை வாங்குவது?

ஃபைனல் ஃபேண்டஸி 7 என்ற வீடியோ விளையாட்டின் கிளவுட், ஏரித், செஃபிரோத் கதையைப் புதிதாகத் தொடங்குபவருக்குக் கடையிலேயே தடுமாற்றம் தொடங்கிவிடும். 1997-இன் மூன்று சிடி, நிண்டெண்டோ ஸ்விட்சுக்கான இரட்டைப் பதிப்பு, பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) ரீமேக், பிஎஸ்5 இன்டர்கிரேட், ரீபெர்த், கணினிப் பதிப்புகள், ஸ்விட்ச் 2-வின் கேம்-கீ அட்டை என்று எல்லாவற்றின் மேலும் அதே 7 இருக்கும். உள்ளே இருப்பது வேறு வேறு. சிலவற்றில் முழுக் கதை உண்டு. சிலவற்றில் கதையின் தொடக்கம் மட்டும். ஒன்றில் கதையே கிடையாது, அதை இறக்கிக்கொள்ளும் அனுமதி மட்டும் இருக்கிறது.

அதனால் கிராஃபிக்ஸையும் விலையையும் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இது எந்தக் கதை? பெட்டியைத் திறந்தால் அந்தக் கதை முழுசாக உள்ளே இருக்கிறதா? ரசிகர்களிடையே நடக்கும் சண்டையில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருவது.

எந்தக் கதை?

மூல விளையாட்டு மூன்று சிடியில் வந்தது. பக்கவேலைகளில் அதிகம் இறங்காமல் ஆடினால் 35 முதல் 40 மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். மிட்கார் என்ற நகரத்தில் நடக்கும் தொடக்கப் பகுதி அதில் ஆறேழு மணி நேரம்தான். 2020 ஏப்ரலில் வந்த ரீமேக் அந்த மிட்காரை மட்டும் எடுத்துக்கொண்டு முழு விளையாட்டாக விரித்தது. 2024 பிப்ரவரியில் வந்த ரீபெர்த், மிட்காரை விட்டு வெளியேறுவதில் தொடங்கி, மூலத்தின் முதல் சிடி முடியும் இடத்துக்கு அருகில் போய் நிற்கிறது. அதாவது ரீமேக், ரீபெர்த் இரண்டையும் நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடி முடித்தவர் மூலக் கதையின் முதல் சிடியைத்தான் தாண்டியிருக்கிறார். முடிவு மூன்றாம் பாகத்தில்தான் வரும்.

இதைவிட முக்கியமான விஷயம், ரீமேக் என்று பெயர் இருந்தாலும் அது பழைய கதையை அப்படியே திருப்பிச் சொல்வதல்ல. நடக்க வேண்டியது நடந்தபடியே நடக்க வேண்டும் என்று குறுக்கே வந்து நிற்கும் விஸ்பர்கள் என்ற உருவங்கள் அதில் உண்டு. எது மாறியது, ஏன் அது பதற வைக்கிறது என்பது மூலத்தை அறிந்தவருக்குத்தான் உறைக்கும். மூலத்தை ஆடாமல் நேராக ரீமேக்குக்கு வருபவருக்கு அந்தக் காட்சிகள் காரணம் புரியாத குழப்பமாகத் தெரியும். கதைக்காக ஆடுபவர் மூலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பழைய கட்டைவிரல் பொம்மை போன்ற உருவங்கள் முதல் ஒரு மணி நேரம் உறுத்தும், பிறகு கண் பழகிவிடும். நொபுவோ உயெமட்சுவின் இசை தொடங்கியதும் அந்த உறுத்தல் பாதி போய்விடும்.

மூலத்திலும் ஒரு குறை உண்டு. ஆங்கில மொழிபெயர்ப்பை மைக்கேல் பாஸ்கெட் ஏறக்குறைய தனியாளாக, நெருக்கடியான காலக்கெடுவில் செய்தார். சில உரையாடல்கள் கரடுமுரடாக இருப்பது அதனால்தான். பின்னாளில் ஏரித் என்று நிலைத்த பெயர் அதில் ஏரிஸ் என்று வரும். இருவர் வேறு வேறு என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

மூலத்தை எதில் ஆடுவது?

இங்கே மூன்று வழி. பழைய பிஎஸ்1 சிடிகள். பிஎஸ்4, கணினி, மொபைல், எக்ஸ்பாக்ஸ் கடைகளில் டவுன்லோடாகக் கிடைக்கும் புதிய போர்ட், அதாவது பழைய விளையாட்டையே புதிய கருவிகளில் ஓடும்படி மாற்றியது. ஸ்விட்சுக்கு எட்டாம் பாகத்தின் ரீமாஸ்டரோடு சேர்ந்து ஒரே அட்டையில் வந்த இரட்டைப் பதிப்பு.

ஆடுவது மட்டும் நோக்கம் என்றால் போர்ட்தான் வசதி. மூன்று மடங்கு வேகம், திடீர்ச் சண்டைகளை நிறுத்திவைக்கும் பொத்தான் இரண்டும் கன்சோல் போர்ட்டுகளில் உண்டு. சண்டையை நிறுத்திவைக்கும் பொத்தானை அளவாகத்தான் பயன்படுத்த வேண்டும். தொடர்ந்து அணைத்தே வைத்தால் பாத்திரங்களின் லெவல் ஏறாது, அடுத்த பெரிய எதிரியிடம் மாட்டிக்கொள்வீர்கள். உருவங்கள் கூர்மையாகத் தெரியும், பின்னணி ஓவியங்கள் மங்கலாகத் தெரியும். அது உங்கள் டிவியின் கோளாறல்ல. பின்னணிகள் அந்தக் காலத்துச் சிறிய அளவில் முன்கூட்டியே வரைந்து சேமிக்கப்பட்டவை, பெரிதாக்கினால் அவ்வளவுதான் வரும். படம் 4:3 அளவிலேயே இருக்கும். டிவியில் இழுத்து நிரப்பினால் எல்லாரும் குண்டாகிவிடுவார்கள்.

இந்த மூன்றில் என் தேர்வு ஸ்விட்ச் இரட்டைப் பதிப்பு. விளையாட்டு அட்டைக்குள் இருக்கிறது, ஆடி முடித்தால் விற்கலாம், வைத்துக்கொண்டால் பெட்டியாக இருக்கும், ஸ்விட்சில் பிராந்தியப் பூட்டு கிடையாது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும்தான் அது பெட்டியாக வந்தது. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உறவினர் இருந்தால் அங்கே தேடச் சொல்வது நல்ல வழி.

பழைய சிடிகளை வாங்குவது சேகரிப்பு. அதைத் தெரிந்தே செய்ய வேண்டும். பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டும் சிடியைப் படிக்கவே படிக்காது. பிஎஸ்1, பிஎஸ்2, பிஎஸ்3 மூன்றும் படிக்கும், ஆனால் பிராந்தியம் பொருந்த வேண்டும். அமெரிக்க சிடி என்றால் அமெரிக்க பிஎஸ்3. எச்டிஎம்ஐ நேராகக் கிடைப்பதாலும், மெமரி கார்டு உள்ளேயே மென்பொருளாக இருப்பதாலும் பிஎஸ்3-தான் தொல்லை குறைந்தது. அசல் பிஎஸ்1 மெமரி கார்டு 15 பிளாக் கொண்டது, ஆட்டத்தைச் சேமித்த கோப்பு (சேவ்) ஒன்றுக்கு ஒரு பிளாக். அதில் பேட்டரி கிடையாது என்பதால் பழைய கேம்பாய் கேட்ரிட்ஜ்போல சேவ் தானாக அழியாது. பல பக்கங்கள் கொண்ட மலிவான மாற்று கார்டுகளில்தான் சேவ் கெட்டுப்போகும் தொல்லை அதிகம்.

எந்தப் பதிப்பு என்பதிலும் கவனம் தேவை. 1997 ஜனவரியில் வந்த முதல் ஜப்பானியப் பதிப்பில் ரூபி, எமரால்டு என்ற இரண்டு பெரிய எதிரிகள் கிடையாது. அவை அமெரிக்கப் பதிப்புக்காகச் சேர்க்கப்பட்டவை. அந்தச் சேர்க்கைகளோடு அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் இன்டர்நேஷனல் என்ற பெயரில் நான்கு டிஸ்க் பெட்டி வந்தது. நான்காவது டிஸ்க் வழிகாட்டி, கதையின் தொடர்ச்சியல்ல. ஐரோப்பியப் பதிப்பு 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால் வேகம் குறைவு, மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்கும். அமெரிக்கப் பெட்டியில் கறுப்பு லேபிள் முதல் வெளியீடு, பச்சைப் பட்டை போட்ட கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் பிறகு வந்த மலிவுப் பதிப்பு. கறுப்பு லேபிளிலேயே பின்னட்டையில் 'மாஸ்டர்பீஸ்' என்ற சொல் எழுத்துப்பிழையோடு அச்சான பெட்டிகளும், திருத்தப்பட்டவையும் உண்டு. பிழை உள்ளதற்குக் கூடுதல் விலை சொல்வார்கள். ஆடுவதற்கு இரண்டும் ஒன்றுதான்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது எல்லாரும் அடிப்பக்கத்துக் கீறலைப் பார்ப்பார்கள். மேல்பக்கத்தைப் பாருங்கள். சிடியில் தகவல் இருக்கும் படலம் லேபிளுக்கு ஒட்டினாற்போல் கீழேதான் இருக்கிறது. அடிப்பக்கக் கீறல் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கில் மேலோட்டமாக விழுந்தது, மெருகேற்றிச் சரி செய்யலாம். லேபிள் பக்கம் ஆழமாகக் கீறியிருந்தால் தகவலே போயிற்று. சிடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஊசிமுனைத் துளிகளாக ஒளி ஊடுருவுகிறதா என்று பாருங்கள். ஊடுருவினால் விட்டுவிடுங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் கணினியின் சிடி டிரைவில் சிடியின் முழு நகலை ஒரு கோப்பாக எடுத்து, அதன் செக்சம்மை (கோப்பு பிழையற்றதா என்று காட்டும் எண்ணை) அசல் டிஸ்குகளின் விவரங்களைத் தொகுக்கும் ரீடம்ப் தரவுத்தளத்தில் உள்ளதோடு ஒப்பிடலாம். மூன்று சிடியையும் சோதிக்க வேண்டும். மூன்றாவதில்தான் முடிவு இருக்கிறது, அதை அடைய முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கும் காலம் அதற்குள் போய்விடும்.

ரீமேக்: பெட்டிக்குள் இல்லாத யூஃபி

ரீமேக் பிஎஸ்4-க்கு இரண்டு ப்ளூ-ரேயில் வந்தது. ஒன்று டேட்டா டிஸ்க், மற்றது பிளே டிஸ்க். டேட்டா டிஸ்கை ஒருமுறை நிறுவினால் போதும், அதன் பிறகு ஆடும்போதெல்லாம் பிளே டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும். ஒன்று தொலைந்தாலும் பெட்டி பயனற்றது. 2021 ஜூனில் பிஎஸ்5-க்கு இன்டர்கிரேட் வந்தது. அதே கதை நல்ல ஒளியமைப்போடு, கூடவே யூஃபியை நாயகியாகக் கொண்ட இன்டர்மிஷன் என்ற தனி அத்தியாயம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர் ஏமாறும் இடம் இது. இன்டர்கிரேட் பெட்டியில் யூஃபி அத்தியாயம் டிஸ்கில் இல்லை, கடையில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ரகசியக் குறியீடாக (கோடு) காகிதத்தில் வந்தது. முதலில் வாங்கியவர் அதைப் பயன்படுத்தியிருப்பார். உங்கள் கைக்கு வருவது ரீமேக் மட்டும், அத்தியாயத்தைக் கடையில் தனியாக வாங்க வேண்டும். இப்படிச் செய்வதற்குத் தொழில் காரணம் உண்டு. கைமாறும் டிஸ்கிலிருந்து பதிப்பாளருக்கு ஒரு பைசா வராது. கோடு கைமாறாது. 2010 வாக்கில் சில நிறுவனங்கள் ஆன்லைன் ஆட்டத்துக்கே இப்படிக் கோடு வைத்தன. எதிர்ப்பு வந்து அது மறைந்தது. ஆனால் கூடுதல் அத்தியாயங்களில் அதே வழக்கம் தங்கிவிட்டது.

ஆகவே செகண்ட் ஹேண்டில் பிஎஸ்5 பெட்டிக்கும் பிஎஸ்4 பெட்டிக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால், டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 வைத்திருப்பவருக்கு பிஎஸ்4 பெட்டியே லாபம். பிஎஸ்4 டிஸ்க் வைத்திருப்பவருக்கு பிஎஸ்5 பதிப்பு இலவச மேம்பாடு. செய்முறை இது: பிளே டிஸ்கைப் போட்டு, கடைப் பக்கத்தில் பிஎஸ்5 பதிப்பைத் தேர்ந்தெடுத்து முழுசாக இறக்க வேண்டும். பிஎஸ்4-இல் பாதி ஆடியிருந்தால், முதலில் பிஎஸ்4 பதிப்பின் மெனுவிலிருந்து சேவ் கோப்பை மேலேற்றி, பிறகு பிஎஸ்5 பதிப்பில் இறக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றி, பழையதை முதலில் அழித்துவிட்டுத் தேடுபவர்கள் நிறைய. யூஃபி அத்தியாயத்தை அதன் பின் வாங்கிக்கொள்ளலாம்.

இதில் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். இந்த வழியில் பிஎஸ்5 பதிப்பு உங்கள் டிஸ்கில் இல்லை, சர்வரில் இருக்கிறது. பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்தக் கடை மூடினால் கையில் மிஞ்சுவது பிஎஸ்4 பதிப்பு. ஆடிவிட்டு விற்பவருக்கு அது பொருட்டல்ல. அலமாரியில் வைத்துக்கொள்பவர் இன்டர்கிரேட் டிஸ்கையே வாங்க வேண்டும், முடிந்தால் கோடு பயன்படுத்தாத புதுப் பெட்டி.

டிரைவ் இல்லாத பிஎஸ்5 டிஜிட்டல், பிஎஸ்5 ப்ரோ வைத்திருப்பவர்களுக்குப் பழைய டிஸ்க் எதுவும் உதவாது. 2023 இறுதியில் வந்த ஸ்லிம் வகைக்கும் ப்ரோவுக்கும் கழற்றி மாட்டும் டிரைவ் தனியாகக் கிடைக்கிறது, அமெரிக்காவில் வெளியீட்டு விலை 79.99 டாலர். மாட்டியதும் ஒருமுறை இணையத்தில் பதிவு செய்தால்தான் வேலை செய்யும். 2020-இல் வந்த முதல் டிஜிட்டல் வகையில் அதை மாட்ட முடியாது. ஒரே விளையாட்டுக்காக டிரைவ் வாங்குவது வீண். பத்துப் பெட்டி வாங்கி விற்கும் பழக்கம் இருந்தால் அந்தப் பணம் திரும்பி வந்துவிடும். கணக்கு எளிது: டிஸ்கின் உண்மை விலை, வாங்கிய விலையிலிருந்து விற்கும் விலையைக் கழித்தது. டிஜிட்டலில் கழிக்க ஒன்றுமில்லை, தள்ளுபடிக்குக் காத்திருப்பதுதான் ஒரே வழி. ஒருமுறை ஆடி முடித்து மூடிவைக்கும் கதை விளையாட்டுகளில் டிஸ்க் இன்னும் ஜெயிப்பது இதனால்தான்.

ரீபெர்த்

இதற்குத் தேர்வுக் குழப்பம் குறைவு. பிஎஸ்5-இல் இரண்டு டிஸ்க், மறுபடி டேட்டாவும் பிளேயும். ஆரம்ப அச்சில் சில பெட்டிகளில் இந்த இரு பெயர்களும் இடம் மாறி அச்சாகிவிட்டதாக இதன் பதிப்பாளரான ஸ்கொயர் எனிக்ஸே அறிவித்தது. 'பிளே' என்று எழுதிய டிஸ்க் நிறுவத் தொடங்கினால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

இடம்தான் பிரச்சினை. ரீபெர்த் ஏறக்குறைய 150 ஜிபி பிடிக்கும். முதல் பிஎஸ்5-இல் பயன்படுத்தக் கிடைப்பது சுமார் 667 ஜிபி. டிஸ்கில் வாங்கினாலும் இந்த இடம் வேண்டும், டிஸ்க் அனுமதிச் சீட்டாகவும் நிறுவும் மூலமாகவும்தான் இருக்கிறது. கூடுதல் சேமிப்புக்கு எம்.2 எஸ்எஸ்டி சேர்ப்பதென்றால் நான்காம் தலைமுறை பிசிஐஇ, வினாடிக்கு 5,500 எம்பி வாசிப்பு வேகம், ஹீட்சிங்க் கட்டாயம், ஹீட்சிங்கோடு சேர்த்து உயரம் 11.25 மில்லிமீட்டருக்குள். கணினிக்கான தடித்த ஹீட்சிங்க் வாங்கி மூடி பொருந்தாமல் திரும்பக் கொடுப்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு.

கணினியில் ஆட நினைப்பவர் வாங்குமுன் கிராஃபிக்ஸ் கார்டைப் பார்க்க வேண்டும். ரீபெர்த்துக்குக் குறைந்தது ஆர்டிஎக்ஸ் 2060 அல்லது ஆர்எக்ஸ் 6600, 16 ஜிபி ராம். பழைய ஜிடிஎக்ஸ் 1080 வேகத்தில் அவற்றுக்கு ஈடுகொடுக்கும் என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். இந்த விளையாட்டு கேட்கும் டைரக்ட்எக்ஸ் 12 அல்டிமேட் வசதிகள் அதில் கிடையாது. ரீமேக்கின் கணினிப் பதிப்பு 2022-இல் ஸ்டீம் என்ற இணையக் கடைக்கு வந்தபோது திக்கித் திக்கி ஓடியது. தொடக்க விருப்பத்தில் டைரக்ட்எக்ஸ் 11-க்கு மாற்றினால் பலருக்குக் குறைகிறது. ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அந்த இரண்டு மணி நேரத்தைச் சோதனைக்கென்றே செலவிடுங்கள்.

கேம்-கீ அட்டை

ஸ்விட்ச் 2-க்கு இன்டர்கிரேட் கேம்-கீ அட்டையாக அறிவிக்கப்பட்டது. பெட்டி உண்டு, அட்டை உண்டு, அட்டைக்குள் விளையாட்டு இல்லை. முதல்முறை இணையத்தில் முழுசாக இறக்கி, அதன் பின் ஆடும்போதெல்லாம் அட்டையைச் செருகி வைக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கம் கீழே இதற்கான அறிவிப்பு இருக்கும். இறக்க உள்நினைவகம் 256 ஜிபி. கூடுதல் இடத்துக்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் மட்டுமே ஏற்கும், பழைய ஸ்விட்ச் கார்டில் விளையாட்டு ஓடாது.

இதைத் திட்டுபவர்களுக்கும் தாங்குபவர்களுக்கும் ஆளுக்கொரு நியாயம் உண்டு. இயக்குநர் நவோகி ஹமாகுச்சி சொன்ன காரணம் வாசிப்பு வேகம்: இவ்வளவு பெரிய உலகத்தை அட்டையிலிருந்து நேராக ஏற்றினால் தாமதமாகும், உள்நினைவகம் வேகமானது. அட்டையின் கொள்ளளவும் ஒரு தடை, 64 ஜிபி அட்டைக்குள் இது அடங்காது. இந்தத் தொடரின் வரலாற்றில் இது இரண்டாம் முறை. 1990-களில் நிண்டெண்டோ 64-இன் கேட்ரிட்ஜ் அதிகபட்சம் 64 எம்பி வரைதான் போனது. அப்போது ஸ்கொயர் சிடிக்காக நிண்டெண்டோவை விட்டு பிளேஸ்டேஷனுக்குப் போய் மூன்று சிடியில் கதையைக் கொடுத்தது. அதே கதை திரும்பி வரும்போது மறுபடி கொள்ளளவில் முட்டுகிறது. இம்முறை டவுன்லோடு என்ற வழி இருப்பதால் கட்சி மாற வேண்டியதில்லை.

வாங்குபவர் கணக்கில், டவுன்லோடுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம் திரும்ப விற்கலாம், கடன் கொடுக்கலாம் என்பது. அது சிறிய விஷயமல்ல. கையடக்கமாக ஆட விரும்பி, முடித்ததும் விற்பவருக்கு நியாயமான தேர்வு. சேகரிப்பாக இதை எண்ண வேண்டாம். நிண்டெண்டோ தன் வீ கடையை 2019 ஜனவரியிலும், 3டிஎஸ், வீ யூ கடைகளை 2023 மார்ச்சிலும் மூடியது. வாங்கியதை மறுபடி இறக்க அதற்குப் பின்னும் அனுமதி உண்டு, ஆனால் அந்தக் கதவு எத்தனை காலம் திறந்திருக்கும் என்பது அவர்கள் கையில்.

டிஸ்க் நிஜமாகவே முழுசா?

சோதிக்க இணையம் இல்லாமல் ஒருமுறை நிறுவிப் பாருங்கள். பிஎஸ்5-இல் அமைப்புகளில் நெட்வொர்க் சென்று இணைய இணைப்பை அணைத்து, டிஸ்கைப் போட்டு நிறுவல் முழுசாக முடியும்வரை காத்திருங்கள். ஐகான் மேல் ஆப்ஷன்ஸ் அழுத்தினால் தகவலில் பதிப்பு எண் தெரியும். புது ஆட்டம் தொடங்கி, ஒரு சேவ் செய்து, வெளியே வந்து மறுபடி ஏற்றுங்கள். எங்கேயும் டவுன்லோடு கேட்கவில்லை என்றால் நல்ல பெட்டி. வாங்குமுன்பே அறிய, டஸ் இட் ப்ளே என்ற ஆர்வலர் குழு பல விளையாட்டுகளை இப்படிச் சோதித்துப் பட்டியலிடுகிறது.

பிஎஸ்5 டிஸ்குக்குப் பிராந்தியப் பூட்டு இல்லை. ஆனால் கூடுதல் அத்தியாயம் டிஸ்கின் பிராந்தியத்தோடு பொருந்த வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வந்த ஆசியப் பதிப்பில், இந்தியக் கணக்கில் வாங்கிய யூஃபி அத்தியாயம் சேராமல் போகலாம். ப்ளூ-ரேயில் தகவல் படலம் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருப்பதால், சிடிபோல் மெருகேற்றிக் காப்பாற்றவும் முடியாது. கடினப் பூச்சு இருப்பதால் எளிதில் கீறாது, கீறினால் மருந்தில்லை. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஊர்களில் அட்டைத்தாள்களில் பூஞ்சை பிடிக்கும். மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, பெட்டிகளை நிற்க வைத்து அடுக்குங்கள்.

இணையச் சேவையாக மட்டும் வாழ்ந்த கிளைக்கதைகளின் கதி இந்தத் தொடரிலேயே தெரியும். 2004-இல் ஜப்பானிய மொபைல்களுக்கு வந்த பிஃபோர் கிரைசிஸ் பிற நாடுகளுக்கு வரவே இல்லை, சேவை நின்றதும் போயிற்று. 2021 நவம்பரில் வந்த ஃபர்ஸ்ட் சோல்ஜர் 2023 ஜனவரியில் மூடப்பட்டது. கையடக்க பிஎஸ்பியின் கிரைசிஸ் கோர் டிஜிட்டலில் வராமல் யுஎம்டி என்ற சிறு வட்டிலேயே பதினைந்து ஆண்டு இருந்தது. அந்த வட்டுகளை வைத்திருந்தவர்களால்தான் 2022-இல் மறுபதிப்பு வரும்வரை அந்தக் கதையை ஆட முடிந்தது.

ரீமேக்கை முடித்து டிஸ்கை விற்கிறீர்கள் என்றால் ஒன்று செய்யாதீர்கள்: சேவ் கோப்பை அழிக்க வேண்டாம். கன்சோலில் ரீமேக் சேவ் இருந்தால் ரீபெர்த்தில் லெவையதன், யூஃபி அத்தியாயத்தின் சேவ் இருந்தால் ராமு என்ற அழைப்பு மட்டீரியாக்கள் (சண்டையில் துணைக்கு வரும் உயிரினங்களை அழைக்கும் மாயக் கற்கள்) கிடைக்கும். பிஎஸ்4 விளையாட்டின் சேவ் கோப்பை யுஎஸ்பியில் நகலெடுக்கலாம். பிஎஸ்5 விளையாட்டின் சேவ் கோப்பை அப்படி எடுக்க முடியாது, நகல் வைக்க பிஎஸ் பிளஸ் சந்தாவின் இணையச் சேமிப்பு ஒன்றுதான் வழி. சந்தா இல்லாதவர் கன்சோலைத் துடைத்து விற்குமுன், புதிய கன்சோலுக்கு நேரடியாக மாற்றிக்கொள்ள வேண்டும்.